பியவோவியேஜா: விடியற்கால நடையும் ஒரு கிராமத்து விடுதியும்

சென்ற மே மாதக் கடைசியில் நாங்கள் நால்வர் வார்சாவிலிருந்து கிளம்பி, போலந்தின் கிழக்கு விளிம்பில் பெலாரஸ் எல்லையை ஒட்டியிருக்கும் பியவோவியேஜா கிராமத்தில் இரண்டு இரவு தங்கினோம். அங்கே பணம் கொடுத்துப் பெற்ற சேவைகள் இரண்டு. ஒன்று, கிராமத்தைச் சூழ்ந்த பழங்காட்டிலுள்ள தேசியப் பூங்காவின் முழுப் பாதுகாப்புப் பகுதிக்குள், உரிமம் பெற்ற வழிகாட்டி ஒருவருடன் விடியற்காலையில் போன நடை. மற்றொன்று, ஒரு குடும்பம் தன் வீட்டிலேயே நடத்துகிற, காலை உணவும் இரவு உணவும் சேர்ந்த விடுதி. இப்படிப்பட்ட வீட்டு விடுதிகளை அங்கே அக்ரோதுரிஸ்திகா என்கிறார்கள். நடை, கொடுத்த பணத்துக்கு மேலேயே தந்தது. விடுதியில் குறைகள் இருந்தன. ஆனால் அந்தக் காட்டைச் சுற்றி மனிதர்கள் எப்படிப் பிழைக்கிறார்கள் என்பது அந்த வீட்டின் சாப்பாட்டு மேசையில்தான் எங்களுக்கு விளங்கியது. ஆகையால் பகலில் வந்து காட்டை மட்டும் பார்த்துவிட்டு மாலையே திரும்பிவிடும் பயணத்தை யாருக்கும் நான் பரிந்துரைக்க மாட்டேன்.

வழிகாட்டியின் பெயரையும் விடுதியின் பெயரையும் எழுதவில்லை. இரண்டும் தனியாட்கள் நடத்தும் சிறு தொழில்கள். நான் சொல்லப்போகும் குறைகள் ஒரு குடும்பத்தின் வருமானத்தைப் பாதிக்க வேண்டியவை அல்ல. இதே வகையான வழிகாட்டிகளும் வீடுகளும் அந்தக் கிராமத்தில் பல உண்டு. எதைக் கேட்டு வாங்க வேண்டும், எதற்கு முன்கூட்டியே ஆயத்தமாக இருக்க வேண்டும் என்பது தெரிந்தால் எந்த வீட்டிலும் நன்றாகத் தங்கலாம்.

வார்சாவிலிருந்து பியவிஸ்தோக் நகருக்கு ரயிலில் ஏறக்குறைய இரண்டு மணி நேரம். அங்கிருந்து பேருந்தில் ஹைனூஃப்கா. அதற்கப்பால் காட்டை ஊடுருவிச் செல்லும் ஒரே சாலை, சுமார் 20 கிலோமீட்டர். பேருந்து நேரங்களை நாங்கள் சரியாகக் கணக்கிடாததால் ஹைனூஃப்காவில் மாலை வண்டியைத் தவறவிட்டோம். தொலைபேசியில் சொன்ன அரை மணி நேரத்தில் விடுதிக்கார அம்மாவின் மகன் காரை எடுத்துக்கொண்டு வந்து நின்றார். வாடகை என்று எதுவும் கேட்கவில்லை. சொந்த வண்டி இல்லாமல் போகிறவர்கள் கடைசிப் பேருந்தின் நேரத்தை விடுதியாரிடமே கேட்டு உறுதிசெய்துகொள்வது நல்லது.

போலந்தில் 1999 முதல் ஆட்சியமைப்பு மூன்று படிகளாக இருக்கிறது. மேலே 16 மாகாணங்கள். நடுவே போவியத் எனப்படும் மாவட்டங்கள். அடியில் க்மினா எனப்படும் அடிப்படை உள்ளாட்சி. நாங்கள் தங்கியது போட்லாஸ்கியே மாகாணத்தின் ஹைனூஃப்கா மாவட்டத்தைச் சேர்ந்த பியவோவியேஜா க்மினாவில். சுமார் 200 சதுரக் கிலோமீட்டர் பரப்பில் இரண்டாயிரத்துச் சொச்சம் பேர்தான் வாழ்கிறார்கள். நிலத்தின் மிகப் பெரும் பகுதி காடு. தலைமைக் கிராமமான பியவோவியேஜாவும், பூடி, தெரெமிஸ்கி, போகொஜெல்ட்சே முதலிய குக்கிராமங்களும் காட்டை வெட்டித் திருத்திய திட்டுகளில் தீவுகளைப்போல உட்கார்ந்திருக்கின்றன. எங்கே நின்று பார்த்தாலும் புல்வெளியின் கடைசியில் காடு ஒரு கருஞ்சுவராக எழும். க்மினாவின் தலைவரை வூய்த் என்கிறார்கள். 2002 முதல் அவரை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கிறார்கள். இவ்வளவு சிறிய ஓர் உள்ளாட்சிக்குள் உலகப் பாரம்பரியச் சின்னம் ஒன்றும், ஒரு தேசியப் பூங்காவும், பாலூட்டிகளை ஆராயும் போலந்து அறிவியல் கழகத்தின் நிறுவனம் ஒன்றும், ஐரோப்பிய ஒன்றியத்தின் எல்லைச் சுவரும் அடங்கியிருக்கின்றன. அந்த ஊரின் பிழைப்பும் அதன் சச்சரவுகளும் இந்த நெருக்கத்திலிருந்தே வருகின்றன.

நடைக்கு வருகிறேன். முழுப் பாதுகாப்புப் பகுதிக்குள் தனியாகப் போக அனுமதி கிடையாது. உரிமம் பெற்ற வழிகாட்டியுடன், சிறு குழுவாகத்தான் போகலாம். எங்கள் வழிகாட்டி அதே ஊரில் பிறந்து வளர்ந்த, ஐம்பது வயதைக் கடந்த மனிதர். காலை ஐந்து மணிக்கு அரண்மனைப் பூங்காவின் தெற்கு வாயிலில் சந்திக்கச் சொன்னார். ஐந்துக்கு இரண்டு நிமிடம் இருக்கும்போதே வந்து நின்றார். எங்கள் காலணிகளைப் பார்த்தார். காற்சட்டையின் விளிம்பைக் காலுறைக்குள் செருகிக்கொள்ளச் சொன்னார். இது உண்ணிக்காக. போட்லாஸ்கியே பகுதியில் உண்ணி கடித்து வரும் மூளைக்காய்ச்சல் போலந்தின் மற்ற பகுதிகளைவிட அதிகம். அதற்குத் தடுப்பூசி உண்டு. ஆனால் சில வார இடைவெளியில் ஒன்றுக்கு மேற்பட்ட ஊசிகள் போட வேண்டியிருப்பதால், பயணத்துக்கு வெகு முன்னரே தொடங்க வேண்டும். முன்பதிவின்போது யாரும் இதை எங்களிடம் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும். இந்தச் சேவையில் நான் காணும் கடுமையான குறை இதுதான்.

வாயிலைத் தாண்டியதும் இரண்டு குளங்கள். அவற்றுக்கிடையே மணற்கல்லாலான ஒரு நடுகல். 1752 செப்டம்பர் 27 அன்று போலந்து மன்னர் மூன்றாம் ஆகஸ்ட் நடத்திய வேட்டையின் கணக்கு அதில் போலிஷிலும் ஜெர்மனிலும் பொறிக்கப்பட்டிருக்கிறது. ஒரே நாளில் பைசன் எனப்படும் ஐரோப்பியக் காட்டெருதுகள் 42, 13 எல்க் மான்கள், 2 சிறுமான்கள். அக்கம்பக்கத்துக் குடியானவர்கள் விலங்குகளை வேலியடைத்த பாதைக்குள் விரட்டிவிட, அரச குடும்பம் மேடையில் அமர்ந்து சுட்டது. அரசி மட்டும் 20 பைசன்களைச் சுட்டார் என்றும், ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவே கதைப் புத்தகம் வாசித்துக்கொண்டிருந்தார் என்றும் சொல்வதுண்டு. எங்கள் வழிகாட்டி அந்தக் கல்லின் முன் அதிகம் பேசவில்லை. பொறிப்பில் பெரியவை, சிறியவை, கன்றுகள் என்று பைசன்கள் தனித்தனியாக எண்ணப்பட்டிருக்கும் வரிகளை விரலால் காட்டி, “விரட்டியவர்களின் எண்ணிக்கை எங்கும் இல்லை” என்றார். அவரோடு இருந்த நேரத்தில் எனக்கு ஆழமாகப் பதிந்த வாக்கியம் அது.

இந்தக் காடு இவ்வளவு காலம் நின்றதற்கே வேட்டைதான் காரணம் என்பதை அவர் மறைக்கவும் இல்லை. 1409இல் மன்னர் யாகியெவோ இங்கே வேட்டையாடி, உப்பிட்ட இறைச்சியை அடுத்த ஆண்டு க்ருன்வால்ட் போருக்குப் போன படைக்காக ஆற்றின் வழியே அனுப்பினார். அதற்குப் பிந்திய நூற்றாண்டுகளில் காட்டின் ஓரங்களில் காவலர்கள் குடியமர்த்தப்பட்டார்கள். காட்டைக் காப்பதும் வேட்டையில் விலங்குகளை விரட்டுவதும் அவர்கள் வேலை, நிலம் அதற்குக் கூலி. 1795இல் போலந்து மூன்றாம் முறை பங்கிடப்பட்டபோது காடு ரஷ்யாவிடம் போனது. 1888இல் அது ஜார் குடும்பத்தின் நேரடி உடைமையானது. அடுத்த ஆண்டே மூன்றாம் அலெக்சாண்டருக்காக அரண்மனை ஒன்றைக் கட்டத் தொடங்கி 1894இல் முடித்தார்கள். இரண்டாம் உலகப்போரின்போது, 1944இல் பின்வாங்கிய ஜெர்மானியர் அதைக் கொளுத்தினார்கள். மிஞ்சிய சுவர்களும் 1960களில் இடிக்கப்பட்டன. செங்கல் வாயில் இன்னும் நிற்கிறது. அரண்மனை இருந்த மேட்டில் இப்போது தேசியப் பூங்காவின் அருங்காட்சியகம் இருக்கிறது. அதற்குச் சற்றுத் தள்ளி 1845இல் கட்டிய ஆளுநர் மாளிகை. ஊரிலிருக்கும் மரக் கட்டடங்களிலேயே மூத்தது அது. அரண்மனைப் பூங்காவுக்கு வெளியே இருக்கும் புனித நிக்கோலாய் தேவாலயம் 1895இல் திறக்கப்பட்டது. அதன் உட்புறத் திருவுருவச் சுவர் முழுக்கப் பீங்கானாலானது. இந்த மூன்றையும் பார்க்க அடுத்த நாள் ஒரு மணி நேரம் ஒதுக்கினால் போதும். அவற்றுக்குத் தனி வழிகாட்டி தேவையில்லை.

அரண்மனைப் பூங்காவின் வடக்குப் பக்கம் வெளியேறி, பனியில் நனைந்த புல்வெளியைக் கடந்தால் காட்டின் விளிம்பில் உயரமான மர வாயில். அதற்குள்தான் நாங்கள் பணம் கொடுத்து வாங்கிய மூன்றரை மணி நேரம்.

1921 முதல் சுமார் 47 சதுரக் கிலோமீட்டர் காடு இங்கே மனிதக் கை படாமல் விடப்பட்டிருக்கிறது. விழுந்த மரத்தை எடுப்பதில்லை, நட்டு வளர்ப்பதில்லை, நோய்க்கு மருந்தடிப்பதில்லை. உள்ளே பத்து அடி எடுத்து வைத்ததுமே வெளியிலிருக்கும் காட்டுக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு தெரிந்தது. ஓக், லிண்டன், ஹார்ன்பீம், ஆஷ், ஸ்புரூஸ் எல்லாம் கலந்து, எல்லா வயதிலும் நிற்கின்றன. நிற்பவற்றுக்குச் சமமாக விழுந்து கிடப்பவையும் கண்ணில் படுகின்றன. இடுப்பளவு பருமனுள்ள ஓர் ஓக் பாதையின் குறுக்கே கிடந்தது. மக்கள் கடப்பதற்கு வேண்டிய அகலத்துக்கு மட்டும் அதை அறுத்திருந்தார்கள். அறுத்த துண்டும் அங்கேயே ஓரத்தில் கிடந்தது.

அந்த மரத்தருகே வழிகாட்டி எங்களை இருபது நிமிடம் நிறுத்திவைத்தார். மற்ற சுற்றுலாக்களில் இந்த இருபது நிமிடத்தில் ஐந்து இடம் காட்டியிருப்பார்கள். இவர் எங்களை மண்டியிடச் சொன்னார். அடிமரத்தில் ஒரு பக்கம் பாசி, அதற்குமேல் விரல் உயரத்துக்கு ஸ்புரூஸ் நாற்றுகள் வரிசையாக. மண்ணில் விழும் விதைகளைவிட அழுகும் மரத்தின்மேல் விழும் விதைகளுக்குப் போட்டி குறைவு, ஈரம் அதிகம். முனைப் பக்கத்தில் குளம்பு வடிவில் சாம்பல் நிறக் காளான்கள் அடுக்கடுக்காக வளர்ந்திருந்தன. மரம் நின்றுகொண்டிருந்தபோது முளைத்த காளான் ஒரு திசையைப் பார்க்கிறது. விழுந்த பிறகு முளைத்தது அதற்குச் செங்குத்தாகத் திரும்பியிருக்கிறது. காளானின் அடிப்பக்கம் எப்போதும் தரையை நோக்கியே வளரும் என்பதால், மரம் எப்போது சாய்ந்தது என்பதை அதன்மேலுள்ள காளான்களே சொல்லிவிடுகின்றன. தொடாமல், ஒரு பென்சிலை மட்டும் நீட்டி அவர் இதையெல்லாம் காட்டினார்.

சற்றுத் தள்ளிப் பட்டை கழன்று நின்றது ஒரு பட்ட ஸ்புரூஸ். கீழே உதிர்ந்து கிடந்த பட்டைத் துண்டின் உட்புறத்தில், நடுவே மேலிருந்து கீழாக ஒரு கோடும், அதிலிருந்து இரு பக்கமும் சிறு கோடுகளும், கைதேர்ந்தவர் செதுக்கிய இலை நரம்பைப்போல ஓடின. நடுக்கோடு தாய் வண்டு முட்டையிட்டுக்கொண்டே குடைந்த பாதை. பக்கக் கோடுகள் புழுக்கள் தின்றுகொண்டு போன வழிகள். சிறுகோடுகள் தொடங்கும்போது ஊசி முனை அளவு, முடியும்போது அரிசி அளவு. இந்த மரப்பட்டை வண்டைக் காரணம் காட்டித்தான் 2016இல் பியவோவியேஜா வனச் சரகத்தின் மரவெட்டு வரம்பை, பத்தாண்டுக்கு ஏறக்குறைய 63,000 கனமீட்டராக இருந்ததை 1,88,000 கனமீட்டராக அரசு உயர்த்தியது. 2017இல் இயந்திரங்கள் இறங்கின. போராட்டக்காரர்கள் அவற்றில் தங்களைச் சங்கிலியால் பிணைத்துக்கொண்டார்கள். நிறுத்தாவிட்டால் நாளொன்றுக்குக் குறைந்தது ஒரு லட்சம் யூரோ அபராதம் என்று ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் எச்சரித்தது. 2018 ஏப்ரல் 17 அன்று அந்த மரவெட்டு ஒன்றியச் சட்டத்துக்கு முரணானது என்று அதே நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

இந்த வரலாற்றை நான் கேட்டபோது வழிகாட்டி, ஆண்டுகளையும் எண்களையும் மட்டும் சொல்லிவிட்டு மேலே நடந்தார். ஊரில் எந்தப் பக்கம் எவர் நின்றார் என்று கேட்டதற்குப் பதில் சொல்லவில்லை. அப்போது அது எனக்குக் குறையாகப் பட்டது. இரண்டாயிரம் பேர் வாழும் ஓர் இடத்தில், அண்ணன் வனத்துறையிலும் தம்பி பூங்காவிலும் வேலை பார்க்கும் ஊரில், அந்நியர்களிடம் இதைப் பேச மறுப்பது நியாயமே என்று மாலையில்தான் உணர்ந்தேன்.

பைசனைப் பற்றிச் சொல்லாமல் இந்த நடையைப் பற்றிச் சொல்ல முடியாது. முதல் உலகப்போருக்கு முன் இந்தக் காட்டில் 700க்கும் மேற்பட்ட பைசன்கள் இருந்தன. போர்க்காலத்தில் ஜெர்மன் படை காட்டுக்குள் குறுகிய இருப்புப் பாதைகளைப் போட்டு, ஹைனூஃப்காவில் மர அறுவை ஆலைகளை நிறுவி, மரத்தோடு இறைச்சியையும் எடுத்தது; பின்வாங்கிய வீரர்களும் திருட்டு வேட்டைக்காரர்களும் மிச்சத்தை முடித்தார்கள். 1919இல் இந்தக் காட்டின் கடைசிப் பைசன் கொல்லப்பட்டது. உலகெங்கும் விலங்குக் காட்சிசாலைகளிலும் தனியார் வளாகங்களிலும் மிஞ்சியவை ஐம்பத்துச் சொச்சம். 1923இல் பைசனைக் காப்பதற்கான பன்னாட்டுச் சங்கம் உருவானது. 1929இல் முதல் விலங்குகள் பியவோவியேஜாவின் அடைப்புக்குத் திரும்பின. 1952இல் அவற்றின் வாரிசுகள் காட்டுக்குள் திறந்துவிடப்பட்டன. இன்று இந்தக் காட்டில் திரியும் தாழ்நிலக் கிளைப் பைசன்கள் அனைத்தும் ஏழே ஏழு மூதாதைகளின் வழிவந்தவை. போலிஷ் மொழியில் அதன் பெயர் ஜூபர்.

நடையில் ஜூபரை நாங்கள் பார்க்கவில்லை. ஈர மண்ணில் என் இரண்டு உள்ளங்கையும் அடங்கும் குளம்புத் தடத்தையும், ஒரு ஓக் பட்டையில் உரசிவிட்டுப் போன பழுப்பு மயிரையும் பார்த்தோம். பார்க்கலாம் என்று வழிகாட்டி எந்த உறுதியும் தரவில்லை. இதை ஒரு நேர்மையாகவே குறித்துக்கொண்டேன். “பைசன் உறுதி” என்று விளம்பரப்படுத்தும் சுற்றுலாவை எடுப்பதைவிட, ஹைனூஃப்கா சாலையிலுள்ள பூங்காவின் காட்சி அடைப்புக்குப் போவது மேல். அங்கே ஜூபரோடு ஓநாயையும் லின்க்ஸ் என்ற பெரிய காட்டுப் பூனையையும் நல்ல பரப்புள்ள அடைப்புகளில் பார்க்கலாம். எங்களுக்கோ அன்று மாலையே தெரெமிஸ்கி பக்கம், அறுக்காத புல்வெளியில் வயதான காளை ஒன்று தனியாக மேய்வதைப் பார்க்க வாய்த்தது. கால் மணி நேரம் அது ஒருமுறைகூடத் தலை தூக்கவில்லை.

வழிகாட்டி போலிஷிலும் ஆங்கிலத்திலும் விளக்கினார், ஆங்கிலம் தெளிவு. பாதையின் பெரும்பகுதி சமதளம், சில இடங்களில் மரப்பலகை நடைபாதை. மழை பெய்திருந்தால் வழுக்கும். மே மாதத்தில் கொசு அதிகம். அறுபதைத் தாண்டிய என் மாமா எந்தச் சிரமமும் இல்லாமல் நடந்தார். கட்டணம் குழுவுக்கென்று வாங்குவதால் இருவராகப் போனால் ஆளுக்கு அதிகமாகும், நால்வர் ஐவர் சேர்ந்தால் குறையும். பூங்காவின் நுழைவுச் சீட்டு தனி.

இனி விடுதி. கிராமத்தின் கிழக்குப் பக்கம் ஒரு மர வீடு. சன்னல் சட்டங்களில் செதுக்கு வேலை, முற்றத்தில் லைலாக், கூரை உயரத்துக்கு அடுக்கிய விறகு, எதிர் மின்கம்பத்தில் நாரைக் கூடு. இரண்டு அறைகளும் சுத்தம். குளியலறை இரண்டு அறைக்கும் பொது; முன்பதிவுப் பக்கத்தில் அது தெளிவாக இல்லை. வெந்நீர் மூவருக்குப் போதும், நாலாமவர் காத்திருக்க வேண்டும். பணம் ரொக்கமாக மட்டுமே வாங்குகிறார்கள். சைவ உணவு தருவதாக எழுதியிருந்தும் முதல் இரவு, உருளைக்கிழங்கைத் துருவிச் சுடும் பாப்காவில் பன்றிக்கொழுப்புத் துண்டுகள் இருந்தன. அந்த ஊர்ச் சமையலில் அது இல்லாமல் பாப்கா கிடையாது. அதை இறைச்சியாகவே அவர்கள் எண்ணுவதில்லை. விளக்கிச் சொன்னதும் அந்த அம்மா வருத்தப்பட்டு, பத்தே நிமிடத்தில் உருளைக்கிழங்கும் பாலாடைக்கட்டியும் நிரப்பிய பியரோகி என்ற கொழுக்கட்டையை வேகவைத்துக் கொடுத்தார். சைவர்கள் “இறைச்சி வேண்டாம்” என்று மட்டும் சொல்லாமல், கொழுப்பும் எலும்புச் சாறும் வேண்டாம் என்று தனித்தனியாகச் சொல்லிவிட வேண்டும்.

அடுத்த நாள் மதியம் அவர் வைத்த புளிப்புக் கீரை சூப்பை நான் இப்போதும் நினைத்துக்கொண்டிருக்கிறேன். ஷ்சாஃப் என்கிற அந்தக் கீரையை முற்றத்திலிருந்து கிள்ளி, உருளைக்கிழங்கோடு வேகவைத்து, புளித்த கிரீமும் பாதி முட்டையும் சேர்த்துக் கொடுத்தார். நிறம் பச்சையும் பழுப்பும் கலந்தது, பார்வைக்கு எடுப்பாக இராது; முதல் கரண்டியிலேயே நாக்கின் இரு ஓரமும் சுரந்தன. புளிப்புக்குப் பழகிய நம் நாவுக்கு போலந்துச் சமையலில் இதைவிட அணுக்கமான உணவு இல்லை. காலையில் வீட்டுப் பாலாடைக்கட்டியும் முள்ளங்கியும் வெங்காயத்தாளும், கரிய ரொட்டியும் தேனும். இரண்டாம் இரவு மார்ச்சினெக் என்ற கேக். மெல்லிய அடைகளை இருபதுக்கும் மேலாக அடுக்கி, நடுநடுவே புளித்த கிரீம் பூசியது. ஹைனூஃப்கா பகுதிக்கே உரியது அது, திருமணங்களில் தவறாது இருக்கும்.

அந்த மேசையில்தான் ஊரின் கணக்கு விளங்கியது என்றேன். அந்த அம்மா எங்களோடு போலிஷில் பேசினார். மகனோடு பேசியது வேறு. “எங்கள் மொழி” என்று மட்டும் அதற்குப் பெயர் சொன்னார். பெலாரசியனுக்கும் உக்ரேனியனுக்கும் நெருங்கிய கிராமத்துப் பேச்சு. இங்கே பலர் கிழக்கத்திய மரபுக் கிறித்தவர்கள். 1915இல் ஜெர்மன் படை நெருங்கியபோது ரஷ்ய அரசு இந்த மக்களைக் கூட்டங்கூட்டமாக உள்நாட்டுக்குக் கிளம்பச் செய்தது. வண்டிகளில் போனவர்களில் பலர் வழியிலேயே மாண்டார்கள். தப்பியவர்கள் நாலைந்து ஆண்டு கழித்துத் திரும்பி வந்தபோது வீடும் இல்லை, ஊரைச் சுற்றிய காட்டின் நிலைமையும் பழையபடி இல்லை. அவருடைய பாட்டியின் தாய் அப்படித் திரும்பியவர்.

அதற்குப்பின் மூன்று தலைமுறைக்கு மரமே சோறு. 1920களில் பிரிட்டிஷ் நிறுவனம் ஒன்று அரசோடு ஒப்பந்தம் போட்டுப் பெருமளவு வெட்டியது. 1929இல் அந்த ஒப்பந்தம் முறிந்தது. பிறகு அரசு வனத்துறை வேலை கொடுத்தது. அவர் கணவர் மரம் இழுப்பவராக இருந்தவர். 1932இல் தேசியப் பூங்காவான பகுதி 1947இல் மீண்டும் அந்தத் தகுதியைப் பெற்று, 1996இல் இரு மடங்காகி 105 சதுரக் கிலோமீட்டரானது. அப்படியும் போலந்துப் பக்கக் காட்டில் அது ஆறில் ஒரு பங்கு அளவுதான். முழுவதையும் பூங்காவாக்க வேண்டும் என்று அறிவியலாளர்கள் பல்லாண்டாகக் கேட்கிறார்கள். ஆனால் போலந்துச் சட்டப்படி தேசியப் பூங்காவை விரிக்க உள்ளாட்சியின் ஒப்புதல் வேண்டும். பூங்காவுக்குள் அடங்கும் காட்டுக்கு வன வரி பாதியாகக் குறைவதால், காடே நிலமாக உள்ள க்மினாவுக்கு வருவாய் சுருங்கும். விறகுக்கும் காளான் பொறுக்குவதற்கும் பெர்ரிப் பழத்துக்கும் என்ன ஆகும் என்ற பயம் அதற்கு மேலே. “வார்சாவில் இருப்பவர்களுக்குக் காடு அழகு, எனக்குக் குளிர்கால அடுப்பும் அதுதான்” என்றார். அவரே தம் வீட்டில் தங்குகிறவர்கள் எல்லாம் பூங்காவுக்காகவே வருகிறார்கள் என்பதையும் ஒப்புக்கொண்டார். இரண்டையும் ஒரே மூச்சில் சொன்னார், இரண்டும் உண்மை. விரிவாக்கத்தை விரும்பும் நான், வரி இழப்பை ஈடுசெய்யாமல் அதைக் கேட்பது நியாயமில்லை என்று அவரிடமிருந்துதான் தெரிந்துகொண்டேன்.

சுற்றுலாவை நம்பித் திரும்பிய ஊருக்கு 2021இல் அடுத்த அடி விழுந்தது. பெலாரஸ் எல்லை வழியே குடியேறிகள் வரத் தொடங்கியதும், செப்டம்பர் 2 முதல் எல்லையோரத்தின் 183 ஊர்களில் நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டது. அந்த ஊர்களைச் சேராதவர்கள் உள்ளே வரத் தடை. 2022 ஜூலை வரை ஏதோ ஒரு வடிவில் அது நீடித்தது. அந்தப் பத்து மாதமும் இந்த விடுதி வெறுமையாக இருந்தது. 186 கிலோமீட்டர் நீளத்துக்கு ஐந்தரை மீட்டர் உயர எஃகுச் சுவர் எழுந்தது. காட்டையும் அது இரண்டாகப் பிளந்தது. பெலாரஸ் பக்கம் சோவியத் காலத்திலேயே, 1981 முதல், ஒரு வேலி உண்டு; ஆகவே பைசன்கள் அதற்கு முன்பே பிரிந்திருந்தன. சிறிய விலங்குகளுக்குப் புதிய சுவர்தான் தடை. அதே காட்டின் பெலாரஸ் பகுதியில், விஸ்குலி என்ற வேட்டை மாளிகையில்தான் 1991 டிசம்பர் 8 அன்று ரஷ்யா, உக்ரைன், பெலாரஸ் தலைவர்கள் கையெழுத்திட்டு சோவியத் ஒன்றியத்தை முடித்தார்கள். இன்று கிராமத்திலிருந்து எல்லைப் பக்கம் நடந்தால் படையினர் நிறுத்தி ஆவணம் கேட்கிறார்கள். எங்களையும் ஒருமுறை நிறுத்தினார்கள், மரியாதையாகவே பேசினார்கள். கடவுச்சீட்டும் வதிவிட அட்டையும் எப்போதும் கையில் இருக்க வேண்டும். எல்லையோரத்தில் எந்தப் பாதை திறந்திருக்கிறது என்பது மாறிக்கொண்டே இருப்பதால் கிளம்பும் அன்று காலையில் விசாரித்துக்கொள்ளவும்.

மதிப்பெண் கொடுக்கச் சொன்னால், நடைக்கு ஐந்துக்கு ஐந்து கொடுப்பேன். தடுப்பூசி பற்றிச் சொல்லாததற்கு அரை குறைப்பேன். விடுதிக்கு மூன்றரை. குளியலறைச் செய்தியை முன்பதிவுப் பக்கத்தில் தெளிவாக எழுதினால் நாலு. வழிகாட்டியைத் தேர்ந்தெடுக்கும்போது அந்த க்மினாவிலேயே வசிப்பவரைக் கேளுங்கள். பெருநகர நிறுவனங்கள் அழைத்துவரும் பேருந்துக் குழுக்களோடு வந்தால் ஊருக்குப் போகும் பணமும் குறைவு, காட்டில் மண்டியிடும் நேரமும் குறைவு.

வரும் பிப்ரவரிக்கு அதே வீட்டில், அதே வழிகாட்டியுடன் மீண்டும் பதிவு செய்துவிட்டோம். பனிக்காலத்தில் வைக்கோல் போடும் இடங்களுக்கு ஜூபர்கள் கூட்டமாக வரும் என்றார் வழிகாட்டி. இம்முறையும் உறுதி எதுவும் தரவில்லை. ஓடு பதித்த பழைய அடுப்பு உள்ள அறையைத்தான் கேட்டோம். அந்த அடுப்பு சூடேற ஒரு நாள் ஆகும், அதனால் ரயில் ஏறுவதற்கு முந்தைய நாளே தொலைபேசியில் அழைக்க வேண்டும் என்பது மட்டுமே விடுதிக்கார அம்மா விதித்த நிபந்தனை.